முதல் உறுமல்

1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள், ஷா ஆலாம் தொழிற்சாலையில் உருவான புரோட்டோன் சாகா அறிமுகம் கண்டது. அதுவே மலேசியாவின் முதல் தேசிய மகிழுந்து. ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்துடன் இணைந்து அது தயாரிக்கப்பட்டது. முதலில் உருவான சாகா, கோலாலம்பூரில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அக்காலச் சாகா மகிழுந்துகள் சில இன்றும் கிள்ளான் பள்ளத்தாக்கின் சாலைகளில் ஓடுகின்றன. அப்பாவின் முதல் வண்டி, தாத்தா ஆசையாய் வாங்கிய வண்டி எனக் குடும்பங்கள் அவற்றைப் பேணி வருகின்றன.

சாகா என்பது ஒரு மரத்தின் பெயர். அதன் சிவப்பு விதையைத் தமிழில் மஞ்சாடி என்பர். விதைகளின் எடை பெரும்பாலும் ஒன்றுபோல் இருப்பதால், முற்காலத்தில் பொற்கொல்லர்கள் அவற்றைப் பொன் நிறுக்கப் பயன்படுத்தினர். சிறு அளவும் பிசகக்கூடாது என்பது அவர்களது தொழிலின் விதி. பழைய இயந்திரத்தைப் புதுப்பிப்பவருக்கும் அதே விதிதான்.

கிள்ளானில் உள்ள ஒரு சிறு பட்டறையில், நாற்பது ஆண்டு பழமையான சாகாவின் 1.3 லிட்டர் இயந்திரம் புதுப்பிக்கப்பட்டுள்ளது எனக் கொள்வோம். தேய்ந்த பிஸ்டன் வளையங்களும் பேரிங்குகளும் மாற்றப்பட்டுவிட்டன. பல வார உழைப்பும் குடும்பத்தின் சேமிப்பும் அதில் அடங்கியுள்ளன. சாவியைத் திருப்ப வேண்டியதுதான் பாக்கி என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால், அனுபவமுள்ள மெக்கானிக் உடனே சாவியைத் தொடமாட்டார். ஏன்?

இயந்திரத்தின் உள்ளே கிராங்க் தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையில் உள்ள இடைவெளி, தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. அந்த இடைவெளியில் எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவி, உலோகமும் உலோகமும் உரசாமல் காக்கிறது. புதிதாகப் பூட்டிய இயந்திரத்தில் எண்ணெய்க் குழாய்கள் காலியாக இருக்கும். வண்டி நிற்கும்போதுகூட இயந்திரம் நிமிடத்திற்குச் சுமார் 800 முறை சுழலும். அதாவது, ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 13 முறை. எண்ணெய் வந்து சேராமல் பத்து விநாடி ஓடினால், புதிய பேரிங் 130 சுற்றுகள் உராய்ந்துவிடும். பல வார உழைப்பு வீணாக அதுவே போதும்.

ஆகவே, மெக்கானிக் முதலில் கிராங்க் தண்டைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பார். எங்கும் தட்டாமல் சுழல வேண்டும். பிறகு புதிய எண்ணெயையும் ரேடியேட்டரில் நீரையும் நிரப்புவார். அடுத்து, நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, தீப்பொறி உண்டாகாதபடி மின்னிணைப்பைத் துண்டிப்பார். அந்நிலையில் ஸ்டார்ட்டரைச் சில விநாடிகள் இயக்கி, நிறுத்தி, மீண்டும் இயக்குவார். இயந்திரம் பற்றிக்கொள்ளாமல் மெதுவாகச் சுழலும்போது, எண்ணெய் எல்லா மூலைகளுக்கும் ஏறும். முகப்பிலுள்ள சிவப்பு எண்ணெய் விளக்கு அணைந்தால், எண்ணெய் அழுத்தம் வந்துவிட்டது என்று பொருள்.

அதன் பின்னரே ஸ்பார்க் பிளக்குகளும் மின்னிணைப்பும் பழைய இடத்திற்குத் திரும்பும். தீயணைப்புக் கருவி அருகில் வைக்கப்படும். பட்டறையின் கதவுகள் திறந்திருக்கும். ஏனெனில், புகையில் கலந்துள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு.

இப்போது சாவி திரும்புகிறது. இயந்திரம் இருமுறை திணறுகிறது. மூன்றாம் முறை உறுமிக்கொண்டு எழுகிறது. சுற்றி நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள். மெக்கானிக்கின் கண் மட்டும் அந்தச் சிவப்பு விளக்கின்மீதே இருக்கிறது. அது சில விநாடிகளில் அணையாவிட்டால், இயந்திரத்தை உடனே நிறுத்திவிடுவார். விளக்கு அணைந்ததும் கீழே குனிந்து எண்ணெயோ பெட்ரோலோ நீரோ கசிகிறதா எனப் பார்ப்பார். தட்டும் ஓசை கேட்கிறதா எனக் காது கொடுப்பார். தொடக்கத்தில் சிறிது புகை வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. பூட்டும்போது தடவிய எண்ணெய் எரிவதால் அது வரும்.

வேலை இத்துடன் முடிவதில்லை. புதிய வளையங்கள் சிலிண்டர் சுவரோடு இழைந்து பொருந்த வேண்டும். வண்டியை நிறுத்திவைத்து நெடுநேரம் ஓடவிட்டால் அது நிகழாது. மிதமான வேகத்தில், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் சாலையில் ஓட்ட வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு எண்ணெயை மாற்ற வேண்டும். உராய்வில் உதிர்ந்த நுண்ணிய உலோகத் துகள்கள் அதனுடன் வெளியேறிவிடும்.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் வாக்கு. கைதட்டல் கேட்டது இயந்திரம் உறுமியபோதுதான். ஆனால், அந்த இயந்திரத்தைக் காப்பாற்றியது, சாவியைத் தொடுவதற்கு முன் யாரும் கவனிக்காமல் கழிந்த அந்த ஒரு மணி நேரமே.