ஆரஞ்சுச் சாற்றை எப்போது ஊற்றுவது?



மார்கழி, தை மாதங்களில் உதகமண்டலத்தின் புல்வெளிகளில் சில விடியற்காலைகளில் வெண்ணிற உறைபனி படிந்திருக்கும். வெப்பநிலை 0° செல்சியஸை நெருங்கிவிடும். அத்தகைய குளிருக்கு ஏற்றது, காரட்டும் கமலா ஆரஞ்சும் சேர்த்துச் செய்யும் சூடான சூப். காரட்டும் உருளைக்கிழங்கும் நீலகிரியிலேயே விளைகின்றன. கமலா ஆரஞ்சு குளிர்காலத்தில் கடைகளுக்கு மிகுதியாக வரும். பாலோ வெண்ணெயோ வேண்டியதில்லை. முழுவதும் தாவரப் பொருள்களே. செய்வதும் எளிது. ஆனால் ஆரஞ்சுச் சாற்றைத் தொடக்கத்திலேயே ஊற்றிவிட்டால் மட்டும், நெடுநேரம் கொதித்த பின்னும் காரட் நறுக்கென்றே இருக்கும். சமவெளியைவிட உதகையில் இந்தத் தொல்லை அதிகம். இது ஏன் என்று பார்ப்போம்.

முதலில் கொதிநிலையை எடுத்துக்கொள்வோம். நீர் 100° செல்சியஸில் கொதிக்கும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அது கடல் மட்டத்தில், காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசமாக இருக்கும்போதுதான். உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குக் காற்றழுத்தம் ஏறத்தாழ 580 மில்லிமீட்டர்தான். ஆகவே நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அடுப்பை எவ்வளவு பெரிதாக எரித்தாலும், திறந்த பாத்திரத்தில் நீரின் வெப்பநிலை அதற்கு மேல் ஏறாது. கூடுதலாகக் கொடுக்கும் வெப்பம் முழுவதும் நீரை ஆவியாக்கவே செலவாகும். ஒரு கிராம் நீருக்குச் சுமார் 540 கலோரி. தளதளவென்று கொதித்தால் விரைவில் வேகும் என்று பலர் எண்ணுகிறார்கள். விரைவில் தீர்வது எரிபொருள்தான்! உப்புப் போட்டால் கொதிநிலை உயருமே என்று கேட்பீர்கள். உயரும். ஆனால் ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் உப்பைக் கரைத்தாலும் உயர்வு 0.2 டிகிரியைத் தொடாது.

இனி, 'வேகுதல்' என்றால் என்ன? காரட் கோடிக்கணக்கான செல்களால் ஆனது. ஒரு செல்லையும் அடுத்த செல்லையும் பெக்டின் என்னும் பொருள் பசைபோல் ஒட்டி வைத்திருக்கிறது. பெக்டின் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறு. வெப்பம் கிட்டத்தட்ட 85 டிகிரியைத் தாண்டியபின் இந்தச் சங்கிலி துண்டு துண்டாக அறுந்து நீரில் கரையத் தொடங்குகிறது. பசை போனதும் செல்கள் பிரிகின்றன, காரட் குழைகிறது. வெப்பநிலை சில டிகிரி குறைந்தாலும் இந்த வேதிவினையின் வேகம் கணிசமாகக் குறையும். மலையில் சமையல் தாமதமாவதன் காரணம் இதுவே.

இப்போது அமிலத்துக்கு வருவோம். பெக்டின் சங்கிலி அறுவது நடுநிலை நீரில் எளிதாக நடக்கும். காரம் சேர்ந்தால் இன்னும் விரைவாக நடக்கும். ஆரஞ்சுச் சாற்றின் அளவுக்குப் புளிப்பிருந்தால் மிகவும் மெதுவாகவே நடக்கும். ஆரஞ்சில் உள்ளது சிட்ரிக் அமிலம். முதலிலேயே அதைச் சேர்த்தால் பசை கெட்டியாகவே நிற்கிறது. குறைந்த கொதிநிலையும் அமிலமும் கைகோத்துக்கொண்டால் காரட் எப்படி வேகும்?

நம் வீட்டுச் சமையலறைக்கு இது புதிதன்று. சாம்பாரில் காய் வெந்த பின்னரே புளியைக் கரைத்து ஊற்றுவார்கள். வெண்டைக்காயோ சேப்பங்கிழங்கோ குழையாமல் இருக்க வேண்டுமானால் புளியை முன்னதாகவே சேர்ப்பார்கள். இரண்டும் ஒரே விதிதான். காரம் விரைவாக வேகவைக்கும் என்றேன் அல்லவா? அதற்காகச் சோடா உப்பைப் போட்டுவிடாதீர்கள். காய் கூழாகிவிடும், தயமின் என்னும் வைட்டமினும் அழியும்.

நீங்களே சோதிக்கலாம். காரட்டை ஒரு சென்டிமீட்டர் கனச்சதுரங்களாக நறுக்குங்கள். ஒரே அளவுள்ள இரண்டு பாத்திரங்களில் சம அளவு நீர் ஊற்றி, ஒன்றில் மட்டும் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள். இரண்டும் கொதித்ததும் பத்துப் பத்துத் துண்டுகள் போடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துண்டை எடுத்து ஊசியால் குத்திப் பார்த்துக் குறித்து வையுங்கள். அடுப்பருகில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும்.

சூப்புக்கு வருவோம். நால்வருக்குக் காரட் அரைக் கிலோ, நடுத்தர உருளைக்கிழங்கு ஒன்று, வெங்காயம் ஒன்று, சிறு துண்டு இஞ்சி. (காரட் வேர், உருளைக்கிழங்கோ மண்ணுக்குள் வளரும் தண்டு. தேர்வில் தவறாக எழுதிவிடாதீர்கள்!) இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் வெங்காயத்தையும் இஞ்சியையும் வதக்கி, நறுக்கிய காய்களையும் முக்கால் லிட்டர் நீரையும் சேர்த்து மூடி வேகவிடுங்கள். எண்ணெயைக் குறைத்துவிட வேண்டாம். காரட்டின் நிறத்துக்குக் காரணமான கரோட்டீன் கொழுப்பில்தான் கரையும். எண்ணெய் இருந்தால்தான் உடல் அதை நன்கு ஏற்று வைட்டமின் 'ஏ' ஆக மாற்றிக்கொள்ளும். இந்தப் பொருளை 1831-இல் காரட்டிலிருந்து பிரித்தெடுத்தவர் வாக்கன்ரோடர் என்னும் ஜெர்மானியர். கரோட்டீன் என்ற பெயரே காரட்டிலிருந்து வந்ததுதான்.

மலைவாசிகளுக்குப் பிரஷர் குக்கர் நல்ல துணை. அதன் எடை, வெளிக் காற்றழுத்தத்துக்கு மேல் ஏறத்தாழ இன்னொரு வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கி நிற்கும். சமவெளியில் உள்ளே சுமார் 120 டிகிரி கிடைக்கும். உதகையில் வெளியழுத்தமே குறைவு. ஆகவே 116 டிகிரி அளவில்தான் கிடைக்கும். 93 எங்கே, 116 எங்கே!

வெந்ததும் ஆறவைத்து மசியுங்கள். மிக்சியில் அரைப்பதானால் ஆறவைப்பது மிக முக்கியம். கொதிக்கும் குழம்பைச் சுழற்றினால் திடீரென்று வெளிப்படும் நீராவி மூடியைத் தூக்கி எறிந்து முகத்தைச் சுட்டுவிடும். மசித்ததை மீண்டும் சூடாக்குங்கள். உருளைக்கிழங்கின் மாவுப்பொருள் வெந்நீரில் உப்பி நீரைப் பிடித்து வைத்திருப்பதால், பாலேடு இல்லாமலே சூப் கெட்டியாக இருக்கும்.

அடுப்பை அணைத்த பிறகு இரண்டு ஆரஞ்சுகளின் சாற்றை ஊற்றி, உப்பும் மிளகுத் தூளும் சேருங்கள். மணம் தரும் பொருள்கள் எளிதில் ஆவியாகக் கூடியவை. கடைசியில் ஊற்றினால் அவையும் தங்கும். இதில் பசும்பாலை ஊற்றினால் அமிலத்தால் கேசீன் புரதம் திரண்டு பால் திரிந்துவிடும். விரும்பினால் அரை டம்ளர் தேங்காய்ப்பால் விடலாம். அதில் கேசீன் இல்லை. ஆனால் அதை ஊற்றியபின் கொதிக்கவிடாதீர்கள். எண்ணெய் பிரிந்து மிதக்கும்.

பரிமாறும்போது ஓர் எச்சரிக்கை. ரசம் போன்ற நீர்த்த பானத்தில் மேற்பரப்பு குளிர்ந்ததும் அந்த நீர் கீழிறங்க, அடியிலுள்ள வெந்நீர் மேலே வரும். இந்த வெப்பச்சலனத்தால் முழுவதும் விரைவில் ஆறிவிடும். கெட்டியான சூப்பில் பாகுநிலை மிகுதி. சலனம் ஏறக்குறைய நின்றுபோகும். குளிருக்கு இது நல்லதே, நெடுநேரம் சூடாக இருக்கும். ஆனால் மேலே ஆறியதுபோல் தோன்றும்போதும் உள்ளே நாக்கைச் சுடும் சூடு இருக்கும். ஒரே வெப்பநிலையில் வெந்நீர் ஒரு டம்ளர், சூப் ஒரு டம்ளர் வைத்து, பள்ளி ஆய்வகத்தின் வெப்பமானியை நடுவில் நிறுத்திப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து பாருங்கள். குடிக்கும் முன் கரண்டியை அடிவரை விட்டு ஒரு முறை கலக்கிவிடுங்கள்.