பேரு இருந்தா போதுமா?



நமக்குக் கிரிக்கெட் மாதிரி அமெரிக்காக்காரங்களுக்கு பேஸ்பால். அந்த மட்டை தட்டையா இருக்காது. உலக்கை மாதிரி உருண்டை. பிடி மெலிஞ்சு, அடியில் ஒரு குமிழ் இருக்கும். பெரிய வீரர்கள் ஆடிய பழைய மட்டையை அங்கே லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார்கள். அதனால் ஏமாற்று வேலையும் உண்டு. ஒரு மட்டை யார் கையில் இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"அதான் மட்டையிலயே பேரு இருக்கே" என்பீர்கள். அதை நம்ப முடியாது! 1905-ல் ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் கையெழுத்தை மட்டையில் பொறிக்க லூயிவில் நகரக் கம்பெனி ஒன்று ஒப்பந்தம் போட்டது. பிறகு பல வீரர்களின் பெயர் வந்தது. அதே பெயர் போட்ட மட்டைகள் கடையிலும் விற்றன. கடை மட்டை என்றால் பெரும்பாலும் குமிழில் நீளத்தை அங்குலக் கணக்கில் அடித்திருப்பார்கள்.

அடுத்து கம்பெனி முத்திரை. அந்தக் கம்பெனி 'ஹில்லரிச் அண்ட் பிராட்ஸ்பி' என்று பெயர் மாறியது 1916-ல்தான். அந்தப் பெயர் உள்ள மட்டையை 1910-ல் ஆடியது என்று ஒருவர் சொன்னால் அது பொய்.

எனக்கு ரொம்பப் பிடித்தது தழும்பு பார்ப்பதுதான். பழைய மட்டைகள் ஆஷ் மரத்தில் செய்தவை. முத்திரை மேலே இருக்கும்படி பிடித்தால்தான் மர ரேகையின் உறுதியான பக்கத்தில் பந்து படும், மட்டை சீக்கிரம் உடையாது. அதனால் வலது கைக்காரர் மட்டையில் முத்திரைக்கு ஒரு பக்கமும், இடது கைக்காரர் மட்டையில் மறுபக்கமும் பந்துத் தடம் விழும். பெயர் இடது கை வீரருடையது, தடம் வலது கையுடையது என்றால் சந்தேகம்தானே? (நம்ம அம்மாக்கள் அரிவாள்மனையைப் பார்த்தே யாருடையது என்று சொல்லிவிடுவார்களே, அதுபோல!)

சில வீரர்கள் உடைந்த மட்டையைக் கம்பெனிக்கே அனுப்பி, "இதே மாதிரி இன்னொன்று செய்யுங்கள்" என்பார்கள். அங்கே வேலை செய்பவர் மட்டையின் பக்கவாட்டில் பென்சிலால் வீரர் பெயரும் தேதியும் எழுதி வைப்பார். யாரோ வேலைக்காக எழுதிய அந்தக் கிறுக்கல்தான் இன்று பெரிய சாட்சி. எந்த வீரருக்கு என்ன நீளம், என்ன எடை என்ற கம்பெனிக் கணக்கும் இருக்கிறது. அதோடு ஒத்துப் பார்ப்பார்கள்.

பேப் ரூத் 1923-ல் யாங்கீ மைதானத்தின் முதல் ஹோம் ரன்னை அடித்த மட்டை 2004-ல் பன்னிரண்டரை லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அதில் அவர் கைப்பட எழுதியிருக்கிறார். லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிப் பையன்களில் அதிக ஹோம் ரன் அடித்தவனுக்கு அதைப் பரிசாகக் கொடுத்தாராம். நம்மள மாதிரி ஒரு பள்ளிக்கூடத்துப் பையனுக்கு!

1927-ல் அவர் ஆடிய இன்னொரு மட்டை லூயிவில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஹோம் ரன்னுக்கும் முத்திரையைச் சுற்றி ஒரு கீறல் போட்டிருக்கிறார். மொத்தம் 21 கீறல்.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி