கிருமி நீக்கும் ரோபோவும் ஈரத்துணியும்

2020 மார்ச்சில் ஹாங்காங் நகரின் மெட்ரோ ரயில் நிறுவனம், ஆளில்லாப் பெட்டிகளுக்குள் ஒரு ரோபோவை இயக்கத் தொடங்கியது. ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலை நுண்ணிய ஆவியாக்கித் தெளித்தவாறு அது தானாகவே நகர்ந்தது. அதற்குச் சற்று முன்னர், டென்மார்க்கில் உருவான புறஊதாக் கதிர் ரோபோக்கள் சீன மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டிருந்தன. இவற்றின் படங்களைப் பார்த்த உறவினர் சிலர் இன்றும் என்னிடம் கேட்பதுண்டு: "டாக்டர், இத்தகைய ரோபோ இருந்தால் தரையையும் கட்டிலையும் துடைக்க வேண்டியதில்லை அல்லவா?"

துடைக்கத்தான் வேண்டும். 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிர், கிருமியின் மரபுப்பொருளைச் சிதைத்து அது பெருகாமல் தடுக்கிறது. ஆனால் நேர்க்கோட்டில் செல்லும் அக்கதிர், கட்டிலின் அடிப்பகுதியையோ கைப்பிடியின் பின்புறத்தையோ எட்டுவதில்லை. உலர்ந்த இரத்தத்துக்கும் சளிக்கும் அடியில் உள்ள கிருமிக்கு அந்த அழுக்கே குடையாகிவிடுகிறது. விளக்கிலிருந்து விலக விலக வீரியமும் குறைகிறது. ஆகவே ஒருவர் முதலில் சோப்பு நீரும் துணியும் கொண்டு துடைக்க வேண்டும். ரோபோவின் பணி அதன் பின்னரே. ரோபோ வந்துவிட்டது என்று துப்புரவுப் பணியாளரைக் குறைக்கும் மருத்துவமனை, கிருமிக்கு இடம் கொடுக்கிறது என்பேன்.

இக்கதிர் மனிதரையும் விட்டுவைப்பதில்லை. கருவிழியின் மேற்பரப்பையும் தோலையும் சுட்டுவிடும். வலி உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்தே கண்ணில் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தலும் நீர்வடிதலும் தொடங்கும். எனவே ரோபோ இயங்கும் அறையின் கதவை, மறந்து வைத்த கைபேசியை எடுப்பதற்காகக்கூடத் திறவாதீர்கள். மூடிய கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பதில் அச்சமில்லை. சாதாரணக் கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடும். கடைகளில் விற்கும் கையடக்கப் புறஊதா விளக்கைக் குழந்தையின் கைகளில் காட்டிக் கிருமி நீக்க முயல்வதும் கூடாது. பெராக்சைடு தெளித்த இடத்திலும் ஆவி முற்றிலும் வெளியேறிய பிறகே நுழைய வேண்டும்.

கோவிட் பெரும்பாலும் காற்றின் வழியே பரவிய நோய். கிருமி படிந்த பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்றும் வாய்ப்பு, பொதுவாக 10,000-இல் ஒன்றுக்கும் குறைவு என அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் தெரிவித்தது. அந்நோய்க்கு முகக்கவசமும் திறந்த சன்னலுமே பெருந்துணை. வாந்தியும் பேதியும் உண்டாக்கும் நோரோவைரஸ் அப்படியன்று. அது மேசையிலும் கைப்பிடியிலும் பல நாட்கள் தங்கும். சானிடைசருக்கு எளிதில் மடங்காது. நோயாளி மீண்டும் தொட்ட கணத்தில், ரோபோ தூய்மை செய்த மேசையிலும் அது படியும். அத்தகைய நோயாளியைக் கண்டு திரும்பும்போது சோப்பும் நீரும் கொண்டு கைகளைக் கழுவுங்கள். வீட்டுக்குச் சென்ற பின்னர் அன்று, அறையை விட்டு வெளியேறும்போதே.