முகமூடி ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் சொல்லும்

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்துவிட்டு வந்ததிலிருந்து உன் நாடகம்தான் மனசில் ஓடுகிறது. கிரிவலப் பாதையில் பூ விற்கும் கிழவி, பௌர்ணமிக்கு மட்டும் கடை போடும் டீக்காரர், கூட்டத்தில் அம்மாவைத் தொலைத்த பையன். யாரோ எழுதித் தராமல் நீங்களே செய்து பார்த்துக் கண்டுபிடித்த ஆட்கள். காகிதக் கூழ் முகமூடிகளும் அழகாக வந்திருக்கின்றன.

ஆனால் காட்சிகள் நெரிசலாக இருக்கின்றன. பையன் கிழவியிடம் அம்மாவைப் பற்றிச் சைகையில் கேட்கிறான். அதே நேரத்தில் அவள் பூ கட்டுகிறாள், டீக்காரர் கிளாஸ் கழுவுகிறார். நான் யாரைப் பார்ப்பது? இப்படிச் செய்து பார். அவன் கேட்கிறான். அவள் கை நிற்கிறது. தலை அவன் பக்கம் திரும்புகிறது. பிறகு அதே முகம் மெதுவாகச் சனங்கள் பக்கம் வருகிறது. அவள் யோசிப்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். பிறகு கை மறுபடி பூவுக்குப் போகிறது. அதுவரை டீக்காரர் அசையவே கூடாது.

முகமூடிக்குள் கண்ணை உருட்டினால் யாருக்கும் தெரியாது. மூக்கு எந்தப் பக்கமோ அதுதான் பார்வை. முகம் சற்றுக் கவிழ்ந்தால் நிழல் விழுந்து துக்கம், நிமிர்ந்தால் வெளிச்சம் பட்டுச் சந்தோஷம். ஜப்பானின் நோ நடிகர்கள் இந்தச் சின்னச் சாய்வை வைத்தே பல நூற்றாண்டுகளாக ஆடிவருகிறார்கள். உங்கள் கொட்டகையின் டியூப் லைட்டில் அந்த நிழல் விழாது. ஒரே ஒரு பல்பை எதிரே உயரத்தில் மாட்டிப் பழகுங்கள்.

முதல் நாள் நன்றாக வந்தது மறுநாள் செத்துப்போகிறது என்று வருத்தப்பட்டாயே, அதற்குக் காரணம் உண்டு. நேற்று கைதட்டல் வாங்கிய சைகையை இன்று திரும்பச் செய்யப் பார்க்கிறீர்கள். சைகையை விட்டுவிடுங்கள், அந்த ஆளுக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, இந்த இரண்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கிழவிக்கு இருட்டுவதற்குள் பூ விற்றாக வேண்டும். பையன் முன்னால் நின்று கடையை மறைக்கிறான். இது போதும், கை தானாக வேலை செய்யும். ஒருவர் வெளியே உட்கார்ந்து நோட்டில் எழுதட்டும். செல்போனில் எடுத்ததைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். புரியாத இடத்தில் புதிதாக எதையும் சேர்க்காதே, எடுத்துவிடு.

பாத்திரங்கள் உள்ளே வருவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூன்று பேரும் பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி வருகிறார்கள். நம் மாவட்டத்திலேயே, செய்யாறு பக்கம், புரிசை இருக்கிறது. அங்கே கூத்தில் துரியோதனன் வேஷம் எப்படி வருகிறது என்று போய்ப் பார். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று திரை விருத்தம் பாடி, கால்சலங்கையைக் கேட்க வைத்து, கிரீடத்தின் நுனியைக் காட்டி, சனங்கள் ஏங்கிய பிறகுதான் முகம். பாரீஸில் அரியான் முனூஷ்கின் நடத்தும் தியேத்ர து சொலெய் குழுவும் உங்களைப் போல ஒத்திகையிலேயே காட்சி கட்டுகிறவர்கள், முகமூடியில் ஊறியவர்கள். 2016இல் அவர்கள் அரங்கேற்றிய ‘இந்தியாவில் ஓர் அறை’ நாடகத்துக்குத் தெருக்கூத்தைப் புரிசை கண்ணப்ப சம்பந்தனிடம்தான் கற்றார்கள். உனக்கு அது ஒரு பஸ் பயணம்.

அவ்வளவு தூரம்கூட வேண்டாம். கார்த்திகை தீபத்தன்று கோயிலில் நின்றிருக்கிறாய் அல்லவா? வருஷத்துக்கு ஒரு தடவை, சில நிமிஷம்தான் அர்த்தநாரீஸ்வரர் ஆடியபடி வெளியே வருகிறார்; அந்த நேரத்தில்தான் மலைமேல் தீபம். அந்தச் சில நிமிஷத்துக்காக லட்சம் பேர் காலையிலிருந்து காத்திருக்கிறார்கள். காண்பதற்கு முன் காத்திருக்க வைப்பதை இந்த ஊரில் வளர்ந்த உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உன் பையனின் அம்மாவைக் கடைசிக் காட்சி வரை காட்டாதே. இப்போது முதல் காட்சியிலேயே அவள் வந்துவிடுகிறாள்.

டீக்காரராக நடிக்கிற பையன் நடுவில் முகமூடியைக் கையால் சரிசெய்தான். தொட்டால் அது வெறும் காகிதம் ஆகிவிடும். அவன்மேல் தப்பில்லை, நெற்றிப் பக்கம் அது வழுக்குகிறது. உள்ளே இரண்டு துண்டு ஸ்பாஞ்ச் ஒட்டி, பின்பக்க எலாஸ்டிக்கைக் காதுக்கு மேலே ஏற்றித் தைத்துக் கொடு. அடுத்த ஞாயிறு சாயங்காலம் வருகிறேன், இரண்டாம் காட்சியை மட்டும் போடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்