வீட்டுக் கணினி: சாவி வேறு, உறுதி வேறு

பல தமிழ்க் குடும்பங்களில் ஒரே கணினியை மூன்று தலைமுறையினர் பயன்படுத்துகின்றனர். பெற்றோர் வங்கிக் கணக்கைப் பார்ப்பதும், பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்வதும், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மம்மாவோ அப்பப்பாவோ உறவினருடன் காணொளியில் பேசுவதும் அதில்தான். குடியுரிமை விண்ணப்பத்தின் பிரதியும், மறைந்த உறவினரின் ஒரேயொரு ஒளிப்படமும் அதனுள்ளேயே இருக்கக்கூடும்.

கணினிக்குப் புதியவரை "தொடாதே" என்று தடுப்பது தீர்வன்று. பழகுபவர் தவறு செய்வது இயல்பு. அத்தவறு பேரிழப்பாக மாறாதவாறு முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்வதே தகுந்த வழி.

1. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு

வீட்டில் தங்குபவரிடம் சாவி கொடுக்கப்படும். வீட்டு உறுதி கொடுக்கப்படுவதில்லை. விண்டோஸ் கணினியிலும் இவ்வாறே இருவகைக் கணக்குகள் உண்டு. நிர்வாகிக் கணக்கு உறுதியைப் போன்றது. கணினி முழுவதையும் மாற்றும் அதிகாரம் அதற்கு உண்டு. சாதாரணப் பயனர் கணக்கு சாவியைப் போன்றது.

கணினியை வாங்கியதும் முதலில் உருவாக்கப்படும் கணக்கு நிர்வாகிக் கணக்காகும். அதையே எல்லோரும் பயன்படுத்துவதுதான் பல வீடுகளில் காணப்படும் குறை. 'செட்டிங்ஸ்' பகுதியில் 'அக்கவுண்ட்ஸ்' என்பதைத் திறந்து, வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு சாதாரணக் கணக்கை உருவாக்கவும். அதன்பின், கணினி முழுவதையும் பாதிக்கும் மென்பொருள் எதையேனும் அவர்கள் நிறுவ முற்பட்டால், நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கப்படும். ஒருவரின் கோப்புகளை மற்றவர் தவறுதலாக அழிப்பதும் தடுக்கப்படும். நிர்வாகியின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதித் திரையில் ஒட்டிவைத்தால் இவ்வேற்பாட்டால் பயனில்லை.

2. ஆவணங்களுக்கு இன்னொரு பிரதி

தனிக் கணக்கு எல்லாவற்றையும் காக்காது. தம்முடைய கோப்புகளை ஒருவர் தாமே அழித்துவிடலாம். கணினியில் அழிக்கப்பட்டவை பெரும்பாலும் 'ரீசைக்கிள் பின்' தொட்டியில் தங்கும், யூ.எஸ்.பி. குச்சியிலிருந்து அழிக்கப்பட்டவை அங்கு செல்வதில்லை. ஆதலால் முக்கியமானவற்றை வெளி வன்தட்டு ஒன்றில் மாதம் ஒருமுறையேனும் பிரதிசெய்து, பின்னர் அதனைக் கழற்றி வைக்கவும். எப்போதும் இணைத்தே வைத்திருந்தால், கணினியைத் தாக்கும் தீய மென்பொருள் அப்பிரதியையும் தாக்கும்.

'ஒன்டிரைவ்' போன்ற இணையச் சேமிப்பு மட்டும் போதாது. கணினியில் அழிக்கப்படும் கோப்பு அங்கும் அழியும். தனிநபர் கணக்கில் அதனை மீட்க 30 நாள்களே அவகாசம் உண்டு.

3. திரையில் தோன்றும் பொய் எச்சரிக்கை

"உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்ற அறிவிப்பு, உரத்த ஒலியுடன் திரை முழுவதையும் மறைக்கலாம். இது மோசடியே. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இடம்பெறாது. அந்த எண்ணை அழைத்தால், பேசுபவர் கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி கேட்பார். பின்னர் வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வார். இத்தகைய அறிவிப்பைக் கண்டால் எதையும் அழுத்தாமல் வீட்டிலுள்ள ஒருவரைக் கூப்பிடும்படி முதியோருக்கும் சிறுவருக்கும் முன்னரே சொல்லி வைக்கவும். எவரும் வீட்டில் இல்லாவிடின், கணினியின் மின்பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப்பிடித்து அணைத்துவிடலாம்.

4. தவறு நேர்ந்தபின்

அந்நியருக்கு அனுமதி கொடுக்கப்பட்டுவிட்டால், முதலில் இணையத் தொடர்பைத் துண்டிக்கவும். உடனே வங்கியை அழைக்கவும். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றவும்.

தவறு செய்தவரைக் கடிந்துகொள்ளாதிருப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே. ஏச்சுக்கு அஞ்சும் முதியவர் அடுத்த தவறை மறைப்பார். வங்கிக்கு உடனே அறிவித்தால் காப்பாற்றக்கூடிய பணம், மறுநாள் அறிவிக்கும்போது கைமீறிப் போயிருக்கலாம்.

உதவி பெற

அவுஸ்திரேலிய இணையப் பாதுகாப்பு உதவி எண்: 1300 292 371. தமிழில் உரையாட விரும்புவோர் முதலில் 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கூறி, மேற்கண்ட எண்ணுடன் இணைக்கும்படி கேட்கலாம்.