மார்கழிப் பனியா? வீட்டுக்குள்ளேயே மிதிக்கலாம் சைக்கிள்!

ஐப்பசியில் அடைமழை. கார்த்திகையில் குளிர். மார்கழியில் பனி. ஜவ்வாது மலையில் குடியிருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காவலூர் வானாய்வகம் இருக்கும் இடமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். ஜமுனாமரத்தூர் பக்கம், விடிந்த பிறகும் எதிரே வரும் வண்டி தெரியாதபடி பனி மூடிக்கொள்ளும் நாட்கள் உண்டு.

சாமை விளைவிக்கும் மலைவாழ் மக்களுக்கு நிலத்துக்குப் போய்வரும் ஏற்ற இறக்கமே நல்ல உடற்பயிற்சி. பள்ளி ஆசிரியர்கள், அலுவலக ஊழியர்கள், கடை நடத்துபவர்கள், ஓய்வு பெற்று மகன் வீட்டில் தங்கியிருக்கும் பெரியவர்கள்... இவர்கள் கதை வேறு. 'தினமும் நடங்க' என்று டாக்டர் சொன்னதைப் புரட்டாசி வரை ஒழுங்காகக் கடைப்பிடித்திருப்பார்கள். மழை ஆரம்பித்ததும் நடை நின்றுபோகும். 'தை பிறக்கட்டும், பார்த்துக்கலாம்' என்று மூன்று மாதம் ஓடிவிடும்.

அந்த மூன்று மாதம் சும்மா போவதில்லை!

மூன்று மாதத்தில் என்ன ஆகும்?

நாம் உடலை அசைக்கும்போது தசைகள் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துச் செலவழிக்கின்றன. ஒருநாள் செய்த பயிற்சியின் பலன் சுமார் 24 முதல் 48 மணி நேரம் வரைதான் நிற்கும். அதனால்தான் சர்க்கரை நோயாளிகளிடம், 'தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் பயிற்சியை விடாதீர்கள்' என்கிறார்கள் மருத்துவர்கள். மூன்று மாதம் விட்டால்? தையில் எடுக்கும் மூன்று மாதச் சராசரி சர்க்கரைப் பரிசோதனை உங்களைக் காட்டிக் கொடுத்துவிடும்.

போதாக்குறைக்கு, குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் ரத்த அழுத்தமும் ஏறும். ஆக, உடற்பயிற்சி அதிகம் தேவைப்படும் காலத்தில்தான் நாம் அதை நிறுத்துகிறோம். இதற்கு வீட்டுக்குள் மிதிக்கும் சைக்கிள் நல்ல மாற்று. ஓட்டத்தைப் போல முழங்காலில் உடம்பின் முழு எடையும் விழாது. டிரெட்மில்லுக்கு கரண்ட் வேண்டும். சாதாரண வீட்டுச் சைக்கிளுக்கு வேண்டாம். அதில் உள்ள சின்னத் திரைக்கு மட்டும் பேட்டரி போட்டால் போதும். மழைக்காலத்து மின்வெட்டில் இது பெரிய சௌகரியம்.

எதை வாங்குவது?

முதல் கேள்வி: உங்கள் வீட்டில் ஏற்கெனவே கியர் சைக்கிள் இருக்கிறதா?

இருந்தால், 'ட்ரெயினர்' எனப்படும் ஸ்டாண்ட் போதும். சைக்கிளின் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி இதில் மாட்டுவார்கள். டயர் ஒரு உருளையை உரசிக்கொண்டு சுற்றும். அந்தக் காலத்தில் டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்துவிட்டால் மிதி கனமாகுமே, ஞாபகம் இருக்கிறதா? கிட்டத்தட்ட அதே வேலைதான் இது.

ட்ரெயினரில் காற்று, காந்தம், திரவம் என மூன்று வகை பரவலாக உண்டு. காற்று வகையில் விசிறி சுற்றும், சத்தம் அதிகம். திரவ வகை அமைதியானது, விலை அதிகம். நடுத்தரக் குடும்பத்துக்குக் காந்த வகையே போதும். வாங்குமுன் பின்சக்கரத்தின் அளவைக் குறித்துக்கொண்டு போங்கள். முண்டும் முடிச்சுமான டயர் என்றால் வீடே அதிரும். வழவழப்பான டயர் மாற்ற வேண்டியிருக்கும்.

'தாத்தாவின் பழைய சைக்கிள் கொல்லையில் நிற்கிறதே, அதை மாட்டலாமா?' என்று கேட்கிறீர்களா? பெரும்பாலும் சரிப்படாது. கேரியர், ஸ்டாண்ட், மட்கார்டு கம்பிகள் எல்லாம் பின் அச்சிலேயே சேர்வதால் ட்ரெயினரின் பிடி உட்காராது. அதற்காகப் புதுச் சைக்கிளும் வாங்கி, ட்ரெயினரும் வாங்குவது வீண் செலவு. கியர் சைக்கிள் இல்லாதவர்கள் நேராக எக்ஸர்சைஸ் சைக்கிளுக்கே போய்விடலாம். வீட்டில் நாலு பேர் மிதிப்பதாக இருந்தாலும் இதுதான் வசதி. ஆளுக்குத் தகுந்தபடி சீட்டை ஏற்றி இறக்கிக்கொள்ளலாமே!

இதிலும் காந்த வகையையே கேளுங்கள். காந்தம் சக்கரத்தைத் தொடாமலே அதன் வேகத்தைத் தடுக்கிறது. தேய்மானம் இல்லை, சத்தமும் குறைவு. சக்கரத்தைக் கட்டை அழுத்தும் வகை மலிவுதான். ஆனால் கட்டை தேயத் தேய மாற்ற வேண்டும். சாதாரண காந்த வகை பத்தாயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. முதுகுவலிக்காரர்களுக்குச் சாய்ந்து மிதிக்கும் வகை நல்லது. விலையும், அடைக்கும் இடமும் அதிகம்.

கடையில் கவனிக்க...

* பத்து நிமிடமாவது உட்கார்ந்து மிதித்துப் பாருங்கள். ஆடினாலோ, கடகடத்தாலோ விட்டுத் தள்ளுங்கள்.

* திருகியை ஒன்றிலும் வையுங்கள், எட்டிலும் வையுங்கள். காலுக்கு வித்தியாசம் தெரிய வேண்டும்.

* தாங்கும் எடை எவ்வளவு என்று கேளுங்கள். வீட்டில் அதிக எடையுள்ளவரைவிட 15, 20 கிலோ கூடுதலாக இருக்கட்டும்.

* சீட் உங்கள் உயரத்துக்கு ஏறுகிறதா? மிதி கீழே வரும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் வலி நிச்சயம்!

* திரையில் பத்து விதக் கணக்கு ஓடுவதைப் பார்த்து மயங்காதீர்கள். அது காட்டும் கலோரி வெறும் உத்தேசம். நேரம் தெரிந்தால் போதும்.

* மலைமேல் இருப்பவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். ரிப்பேர் என்றால் மெக்கானிக் ஜமுனாமரத்தூர் வரை வருவாரா, இல்லை சைக்கிளைப் போளூருக்கோ திருப்பத்தூருக்கோ இறக்க வேண்டுமா? பெல்ட்டும் மிதியும் தனியாகக் கிடைக்குமா? இதற்குப் பதில் சொல்லாத கடையில் தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

பழைய சைக்கிள் கேவலமில்லை. ஆசையாக வாங்கிவிட்டு, துணி காயப்போடும் கொடியாக்கி வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். நன்றாக மிதித்துப் பார்த்து வாங்கினால் பாதிப் பணம் மிச்சம்.

எப்படி ஆரம்பிப்பது?

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பரிந்துரைத்தது. தினம் 30 நிமிடம், வாரம் ஐந்து நாள் என்றால் 150 கணக்கு வந்துவிடும். எடுத்த எடுப்பிலேயே அரை மணி நேரம் வேண்டாம். முதல் வாரம் பத்து நிமிடம், அடுத்த வாரம் பதினைந்து என்று ஏற்றுங்கள். காலையில் 15, மாலையில் 15 என்று பிரித்தாலும் சரிதான். முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாக மிதியுங்கள்.

வேகம் சரியா என்று எப்படித் தெரியும்? மிதித்துக்கொண்டே பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அவ்வளவுதான்!

எச்சரிக்கை தேவை

குளிருக்குப் பயந்து கதவு, ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டு, பக்கத்தில் கரி அடுப்பை வைத்துக்கொண்டு மிதிக்கவே கூடாது. மூடிய அறையில் எரியும் கரியிலிருந்து வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு வரும். அது உயிரையே பறிக்கும். மூச்சு வாங்கும்போது அது இன்னும் வேகமாக உள்ளே போகும். நெருப்பு வேண்டாம். ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும். ஐந்தே நிமிடத்தில் குளிர் தானாக விட்டுவிடும்.

சேலை முந்தானை, துப்பட்டா, வேட்டி நுனி ஆகியவை சக்கரத்தில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ட்ரெயினரில் சங்கிலியும் சக்கரமும் மூடாமல் இருக்கும். சின்னக் குழந்தைகள் விரலை விட்டுவிடுவார்கள். மிதிக்கும்போது அவர்களைக் கிட்டே விடாதீர்கள்.

இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், சர்க்கரையால் கண் பாதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். இன்சுலின் போடுபவர்கள் பக்கத்தில் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்துக்கொள்ளுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலால் மிதிக்கக் கூடாது. நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்துங்கள். வலி விடவில்லை என்றால் 108-ஐ அழையுங்கள்.

கடைசியாக ஒன்று. சைக்கிளை மூலையில் போர்த்தி வைக்காதீர்கள். டி.வி. எதிரிலோ, ரேடியோ பக்கத்திலோ, கண்ணில் படும் இடத்தில் போடுங்கள். ஒரு சீரியல் முடிவதற்குள் அன்றைய கணக்கு முடிந்துவிடும். தை பிறந்து பனி விலகியதும் பழையபடி வெளியே நடக்கலாம். அதுவரை சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உங்கள் கட்டுக்குள் இருக்கட்டும்!