பையில் ஒரு மின்வங்கி: சில கணக்குகளும் சில எச்சரிக்கைகளும்

இவ்வாண்டு மலருக்கு அறிவியல் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவைச் சேர்ந்த தங்கை ஒருவர் என்னை அழைத்துக் கேட்டார். சூரிய ஆற்றலைப் பற்றி எழுதலாமா என்று பேசிக்கொண்டிருந்தபொழுதே, "அண்ணா, பேட்டரி சாகப் போகுது, பவர் பேங்க்கும் காலி, அப்புறம் கூப்பிடுறேன்" என்று சொல்லித் துண்டித்துவிட்டார். சூரியனை அங்கேயே விட்டுவிட்டேன். நம் ஒவ்வொருவர் பையிலும் கிடக்கும் அந்தச் சிறு பெட்டியைப் பற்றியே எழுதுவது என முடிவு செய்தேன்.

அதற்கு எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. 2013-ஆம் ஆண்டு நான் ஜொகூரில் மின்பொறியியல் மூன்றாமாண்டு படித்துக்கொண்டிருந்தேன். தவணை விடுமுறைக்கு லார்க்கினிலிருந்து ஈப்போவிற்கு விரைவுப் பேருந்து ஏறினேன். எங்கள் வீடு சுங்கை சிப்புட்டில். இரவு 11 மணிக்கெல்லாம் ஈப்போ வந்துவிடுவேன், அப்பா மோட்டாரில் வந்து ஏற்றிக்கொள்வார் என்பது ஏற்பாடு. வழியில் பேருந்து பழுதடைந்தது. மாற்றுப் பேருந்து வர மூன்று மணி நேரத்திற்கும் மேலாயிற்று. கைப்பேசியில் மின்னேற்றம் தீர்ந்திருந்தது. ஆனால் நான் கவலைப்படவில்லை. முந்தின வாரம்தான் பாசார் மாலாமில் 25 ரிங்கிட்டுக்கு ஒரு மின்வங்கி வாங்கியிருந்தேன். அதன் முதுகில் 20,000 என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. பகலில் ஒருமுறைதான் அதைப் பயன்படுத்தியிருந்தேன். கம்பியைச் செருகினேன். விளக்கு ஒருமுறை மின்னி அணைந்தது. அவ்வளவுதான்.

அப்பாவுக்கு அப்பொழுது இருதயச் சிகிச்சை முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. மழையில் நனைந்துகொண்டு வந்தவர், அதிகாலை மூன்றரை மணிவரை முனையத்தில் உட்கார்ந்திருந்தார். இடையில் என் எண்ணுக்கு எத்தனை முறை அழைத்தார் என்பதை மறுநாள் கைப்பேசி எனக்குக் காட்டியது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான், "மின்சாரம் படிக்கிற பிள்ளைனு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கேன். ஒரு போனுக்கு கரண்ட் வச்சிக்கத் தெரியலையா உனக்கு?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

விடுமுறை முடிந்து திரும்பியதும் அந்த மின்வங்கியை ஆய்வுக்கூடத்திற்கு எடுத்துச் சென்றேன். முழுமையாக மின்னேற்றி, 1 ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரே சீராக இழுக்கும் மின்சுமை ஒன்றை அதனோடு இணைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். 1 மணி 35 நிமிடத்தில் அது நின்றுவிட்டது.

அந்த எண்ணை வைத்துத்தான் இனி இக்கட்டுரையின் கணக்குகள் தொடங்குகின்றன. கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

எம்ஏஎச் என்பது என்ன?

மின்வங்கியின் மீது அச்சிடப்படும் எம்ஏஎச் என்பது மில்லி ஆம்பியர்-மணி. 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்றால் 10 ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு மணி நேரத்திற்கு, அல்லது 1 ஆம்பியரைப் பத்து மணி நேரத்திற்குத் தரலாம் என்று பொருள். இது மின்னூட்டத்தின் அளவு மட்டுமே, ஆற்றலின் அளவன்று. நீர்த்தொட்டியை நினைத்துப் பாருங்கள். தொட்டியில் எத்தனை லிட்டர் நீர் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அத்தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டும் தெரிந்தால்தான் அந்த நீரால் எவ்வளவு வேலை வாங்கலாம் என்று கூற முடியும். மின்சாரத்தில் அந்த உயரம்தான் வோல்ட்.

மின்வங்கியின் உள்ளேயிருக்கும் லித்தியம் அயனி மின்கலத்தின் சராசரி மின்னழுத்தம் 3.7 வோல்ட். ஆகவே 10,000 மில்லி ஆம்பியர்-மணி, அதாவது 10 ஆம்பியர்-மணி, 3.7-ஆல் பெருக்கப்பட்டால் 37 வாட்-மணி. இதுவே உண்மையான இருப்பு. ஆனால் யூஎஸ்பி துளையில் வெளிவருவது 5 வோல்ட், விரைவு மின்னேற்றமாயின் 9 வோல்ட் அல்லது அதற்கும் மேல். 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்தும் மின்சுற்று தன் கூலியை எடுத்துக்கொள்ளாமல் வேலை செய்வதில்லை. நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்குவரை வெப்பமாகப் போய்விடும். பயன்படுத்தும்போது பெட்டி வெதுவெதுப்பாக இருப்பதற்கு இதுவே காரணம். கைக்கு எட்டுவது 37-இல் ஏறக்குறைய 31 வாட்-மணிதான்.

இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் 5,000 மில்லி ஆம்பியர்-மணி மின்கலம் உள்ளது. அதன் மின்னழுத்தம் சுமார் 3.85 வோல்ட். எனவே அதை நிரப்ப 19 வாட்-மணிக்குச் சற்று மேல் தேவை. கைப்பேசியின் உள்ளேயும் சிறிது வீணாகும். ஆக, 10,000 மின்வங்கி 5,000 கைப்பேசியை இருமுறை நிரப்பும் என்று எண்ணுவோம், நடப்பதோ ஏறத்தாழ ஒன்றரை முறை. இது ஏமாற்று வேலையன்று, இயற்பியல். நாணயமான தயாரிப்பாளர்கள் பெட்டியின் பின்புறத்தில், பொடி எழுத்தில், 5 வோல்ட்டில் கிடைக்கும் அளவையும் அச்சிட்டிருப்பார்கள். 10,000 மின்வங்கிக்கு அது 6,000-த்தை ஒட்டி இருக்கும். வாங்கும்பொழுது முன்பக்கத்தைப் பாராமல் அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

'பவர் பேங்க்' என்பதை 'மின்வங்கி' என்று தமிழாக்கிவிட்டோம். நானும் அச்சொல்லையே ஆள்கிறேன். ஆயினும் வங்கி என்றால் வட்டி தரவேண்டுமே! இதுவோ போடும்போதும் கட்டணம் பிடிக்கிறது, எடுக்கும்போதும் பிடிக்கிறது, சும்மா வைத்திருந்தாலும் சிறிது கரைக்கிறது. 'மின்சேமிப்பி' என்ற சொல் இன்னும் நேர்மையாக இருக்கும். கலைச்சொல் ஆர்வலர்கள் சிந்திக்கலாம்.

என் 25 ரிங்கிட் கணக்கு

இப்பொழுது ஆய்வுக்கூடத்திற்குத் திரும்புவோம். 5 வோல்ட், 1 ஆம்பியர், 1 மணி 35 நிமிடம் என்றால் சுமார் 7.9 வாட்-மணி. மின்சுற்று விழுங்கியதையும் சேர்த்தால் உள்ளே ஏறக்குறைய 9.3 வாட்-மணி இருந்திருக்கும். 3.7-ஆல் வகுத்தால் 2,500 மில்லி ஆம்பியர்-மணி. அச்சிடப்பட்டிருந்தது 20,000. எட்டில் ஒரு பங்கு!

மடிக்கணினிகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவந்த 18650 எனும் உருளை வடிவ மின்கலம் ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ இவ்வளவே. 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது என்பதே அப்பெயரின் பொருள். ஆக, என் பெட்டிக்குள் இருந்தது ஒரேயொரு கலம். மீதி இடம் காற்று. காற்றோடு விட்டார்களே என்று நான் ஆறுதல் கொள்ள வேண்டும். எடை கூட்டுவதற்காக மணலை அடைத்த போலிகளும் அகப்பட்டதுண்டு.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. தரமான 18650 கலம் ஒன்று அதிக அளவாக 3,500 மில்லி ஆம்பியர்-மணி தரும், எடை ஏறக்குறைய 45 கிராம். 20,000 வேண்டுமென்றால் குறைந்தது ஆறு கலங்கள், அதாவது கலங்கள் மட்டுமே 270 கிராம். தட்டையான பாலிமர் கலமாயினும் எடையில் பெரிய வேறுபாடு இராது. சவர்க்காரக் கட்டி அளவு எடையுள்ள ஒன்று 20,000 என்று கூறினால் அதை விற்பவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 50,000 என்று அச்சிட்டுச் சட்டைப்பைக்குள் அடங்குகிறதா? சொல்லவே வேண்டாம்.

நெருப்பு எங்கிருந்து வருகிறது?

இந்த மின்கலத்தின் வரலாறு பெருமைக்குரியது. விட்டிங்ஹம், குட்இனஃப், யோஷினோ ஆகிய மூவரின் ஆய்வுகளால் உருவாகி, 1991-இல் சோனி நிறுவனத்தின் வழியாகச் சந்தைக்கு வந்தது. 2019-இல் மூவரும் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அப்பொழுது குட்இனஃபுக்கு வயது 97. நோபல் பரிசு பெற்றவர்களுள் அவரே மிக மூத்தவர்.

ஆயினும், இவ்வளவு ஆற்றலைச் சிறிய இடத்தில் அடைத்து வைப்பதில் ஆபத்தும் அடங்கியுள்ளது. கலத்தின் நேர்முனையையும் எதிர்முனையையும் பிரிப்பது மெல்லிய நெகிழித்தாள் ஒன்றே. கீழே விழுந்தோ, அளவுமீறி மின்னேற்றியோ, தயாரிப்புக் குறையாலோ அத்தாள் கிழிந்தால் உள்ளுக்குள்ளேயே குறுக்குச் சுற்று ஏற்படும். வெப்பம் வேதிவினையைத் தூண்டும், வேதிவினை மேலும் வெப்பத்தைத் தரும். உள்ளேயிருக்கும் கரைப்பானோ எரியக்கூடிய திரவம். ஒரு கலம் பற்றிக்கொண்டால் பக்கத்துக் கலமும் பற்றும்.

2025 ஜனவரி 28 இரவு, தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானம் ஒன்று தீப்பற்றியது. உள்ளேயிருந்த 176 பேரும் வெளியேற்றப்பட்டனர், விமானத்தின் மேற்கூரை எரிந்துபோனது. மேலடுக்கில் வைக்கப்பட்டிருந்த மின்வங்கி ஒன்றின் உள்ளே மின்காப்பு சிதைந்தது காரணமாக இருக்கலாம் என்று மார்ச் மாதத்தில் புலனாய்வாளர்கள் தெரிவித்தனர். அதன்பின் 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், மலேசியா ஏர்லைன்ஸ், ஏர்ஏசியா முதலிய நிறுவனங்கள் பயணத்தின்போது மின்வங்கியைப் பயன்படுத்துவதற்குக் கட்டுப்பாடு விதித்தன. விதிகள் மாறக்கூடியவை. ஆகவே பயணத்திற்கு முன் நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். பொதுவிதி ஒன்று உண்டு: மின்வங்கி கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் கூடாது. கண்முன் புகைந்தால் பணியாளர்கள் அணைக்கலாம், சரக்கறையில் புகைந்தால் யார் பார்ப்பது? 100 வாட்-மணி வரை முன் அனுமதி தேவையில்லை. மேலே கற்ற கணக்கின்படி அது 27,000 மில்லி ஆம்பியர்-மணி. 100 முதல் 160 வரை நிறுவனத்தின் இசைவு வேண்டும், அதற்கு மேல் அனுமதியில்லை.

விடுதி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. என் அறைத்தோழன் தலையணைக்கு அடியில் வைத்து இரவெல்லாம் மின்னேற்றுவான். ஒருநாள் காலையில் பார்த்தால் அவனுடைய மின்வங்கி உப்பிய ரொட்டிபோல் வீங்கியிருந்தது. வீக்கம் என்பது உள்ளே வாயு சேர்ந்துவிட்டதன் அடையாளம். அதை அழுத்தவோ குத்தவோ திறக்கவோ கூடாது, மறுபடி மின்னேற்றவும் கூடாது. குப்பைத்தொட்டியில் எறிந்தால் குப்பை லாரியின் அழுத்தத்தில் அது நசுங்கித் தீப்பிடிக்கும். மின்னணுக் கழிவு ஏற்கும் இடத்தை விசாரித்து, அங்கேயே நேரில் கொடுத்துவிடுங்கள். நமது வெயிலில் நிறுத்திவைத்த காருக்குள் விட்டுச் செல்வதும் அதே அளவு தவறு.

நெடுநாள் பயன்படுத்தாவிட்டால் பாதியளவு மின்னேற்றி வையுங்கள். முழுமையாக நிரப்பி வைத்தாலும், முற்றாகக் காலியாக விட்டாலும் கலம் விரைவில் முதுமையடையும். அவசர நேரத்தில் கைப்பேசியை 100 விழுக்காடுவரை ஏற்றக் காத்திராதீர்கள். கலம் நிறையும் தறுவாயில் மின்னோட்டம் தானாகவே குறைக்கப்படுவதால் கடைசி இருபது விழுக்காடு ஊர்ந்துதான் ஏறும்.

மின்வங்கியின் நான்கு விளக்குகளையும் முழுமையாக நம்பாதீர்கள். மலிவான பெட்டிகளில் அவை மின்னழுத்தத்தை மட்டுமே பார்த்து எரிகின்றன. லித்தியம் கலத்தின் மின்னழுத்தமோ நெடுநேரம் அதிகம் இறங்காமல் நின்று, கடைசியில் சடாரென்று சரியும். அதனால் மூன்றாம் விளக்கிலிருந்து முதல் விளக்குக்கு வருவதற்குள் நமக்கு மூச்சுவிட நேரமிருக்காது. இதை அப்பாவிடமும் விளக்கியிருக்கிறேன். இன்றும் நான் கோலாலம்பூரிலிருந்து ஊருக்குப் புறப்படும்போதெல்லாம் முதலில் அழைத்து, "கட்டையில எத்தன வெளக்கு எரியுது?" என்றுதான் கேட்பார். நான்கு என்பேன். "அப்ப மூணுன்னு வச்சிக்க" என்பார்.